இரண்டு கதவு, ஒரு போங்சி

நியென் பெய்ஜுங் எதையும் இரண்டு தடவை பார்ப்பாள். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்த பிறகு விரலால் தொட்டுப் பார்ப்பாள், சுட்டுக்கொள்வாள், அப்போதுதான் மனது ஆறும். சிப்பி ஓடுகள் தெருவோரம் மலையாகக் குவிந்து நாறும் அந்தத் தைவான் கடலோர ஊரில், ராஜா சாமி கோயில் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக அவள்தான் எழுத்தர். ஐம்பத்து நான்கு வயது. இடது முழங்கால் மட்டும் எழுபதைத் தாண்டியிருந்தது.

நாற்பது வயது வரை அவளுக்கு வேறு பெயர். போங்சி. பையனுக்காகக் காத்திருந்த வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் வைக்கிற பெயர் அது. 'வந்தது வந்துவிட்டது, சும்மா வளர்த்து வைப்போம்' என்பதுதான் பொருள். பள்ளியில் அவள் வகுப்பிலேயே மூன்று போங்சிகள் இருந்ததால் வாத்தியார் நம்பர் போட்டுக் கூப்பிட்டார். இவள் இரண்டாம் நம்பர். சாக்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம், கல்யாணத்தில் நான்கு வருடம், இரண்டையும் போங்சியாகவே முடித்தாள். பிறகு ஒரு நாள் பெயர் பார்க்கிறவரிடம் போனாள். அவர் பெயரின் எழுத்துகளில் எத்தனை கோடு என்று எண்ணி, உதட்டைப் பிதுக்கி, மூன்று புதுப் பெயர்களை எழுதிக் கொடுத்தார். பெய்ஜுங் என்பதை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அரை மணி நேரத்தில் போங்சி காலி. இதெல்லாம் ஊரில் பெரிய விஷயமில்லை. மீன்கடைக்காரர் மூன்றாவது பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறார், மீன் மட்டும் அதே மீன்.

ஊரே புதுப் பெயருக்குப் பழகிவிட்டது, அவளுடைய அம்மாவைத் தவிர.

கோயிலில் வருடா வருடம் பெயருக்கு ஒரு விளக்கு ஏற்றுவார்கள். விரும்புகிறவர்கள் சீட்டில் பெயர், பிறந்த நாள், வீட்டு எண், என்ன வேண்டுதல் என்று எழுதித் தரவேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது இரண்டே பெயர்கள். ஒன்று தன்னுடையது, மற்றது மகளுடையது. அதனால் மற்றவர்களைப் போல எழுத்தரை எழுதச் சொல்லாமல், எதிரே எழுத்தராக உட்கார்ந்திருக்கும் மகளைக் கண்டுகொள்ளாமல், தன் கையாலேயே 'நியென் போங்சி' என்று எழுதுவாள். வேண்டுதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் நிற்கிற யாரையாவது பிடித்து எழுதச் சொல்வாள். பன்னிரண்டு வருடமும் அதே வேண்டுதல்தான்: இடது முழங்கால். வீட்டில் அவள் ஒரு நாளும் அந்த முழங்காலைப் பற்றிக் கேட்டதில்லை. 'பாத்து நட, பாத்திரத்த உடைச்சிடாத' என்பதுதான் அதிகபட்சம்.

பெய்ஜுங் தன் புதுப் பெயருக்கும் ஒரு விளக்கு போட்டுக்கொள்வாள். ஆகவே பட்டியலில் ஒரே வீட்டு எண்ணில், ஒரே பிறந்த நாளில், இரண்டு பெண்கள். கோயில் தலைவர் ஷி வருடம் தவறாமல் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

சீட்டுகளை வருடக் கடைசியில் காகிதப் பொன்னோடு சேர்த்து எரித்துவிடுவார்கள். சாமிக்குப் போய்ச் சேரவேண்டுமே. எரிக்கும் முன் பெய்ஜுங் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் கணினியில் வைப்பாள், யாராவது சண்டைக்கு வந்தால் காட்ட. அம்மாவின் கையெழுத்துள்ள சீட்டுகளும் அங்கேதான், அங்கே மட்டும்தான். இலையுதிர் காலத்தில் அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இந்த வருடச் சீட்டை இடது கையால் எழுதிப் பார்த்தாள். எழுத்து நண்டு மாதிரி ஓரமாக நகர்ந்து போயிற்று. சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, "நீயே எழுதிக்கோ, உன் பேரு உனக்குத் தெரியும்ல" என்றாள். இனி அந்தக் கையெழுத்து புதிதாக வரப்போவதில்லை.

சந்திரக் கணக்கில் முதல் மாதம் பதினைந்தாம் நாள். மதியம் ஒரு மணிக்குப் பூசாரி உட்கார்ந்து மூவாயிரத்து நூற்று இருபத்தாறு பெயர்களையும் வாசிக்க வேண்டும். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரம், நகர்த்த முடியாது. காலை எட்டரைக்குப் பெய்ஜுங் பட்டியலை அச்சுக்குக் கொடுத்தாள். கணினி மாட்டேன் என்றது. டி டிஸ்க்கில் இடமில்லை, பட்டியல் திறக்கவே ஒரு துளி இடம் வேண்டும் என்றது.

கணினி மேல் வழக்கமாக ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும். தேங்காய் வாசனை நொறுக்குத்தீனி. அது இருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்று தைவானில் வங்கிக்காரன் முதல் ரயில்வேக்காரன் வரை வைக்கிறார்கள். இன்று பொட்டலத்தைக் காணோம்.

"தேதி முடியப் போகுதேன்னு நாந்தான் தின்னேன்," என்றார் தலைவர் ஷி. அறுபத்தெட்டு வயது, சிப்பி வியாபாரி, எதற்கும் பதறாதவர். "வீணாப் போகக் கூடாதில்ல."

"தின்னீங்கல்ல, இப்ப அது அழுவுது. நீங்களே தாலாட்டுங்க."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கினார், இறக்கினார். பிறகு புதையல் கண்டவர் மாதிரி விரலை வைத்தார். "இங்க பாரு. சி டிஸ்க்ல 'விளக்கு'ன்னு ஒரு ஃபோல்டர். டி டிஸ்க்லயும் 'விளக்கு'ன்னு ஒரு ஃபோல்டர். ரெண்டும் இருநூத்திப் பத்து ஜிபி. உள்ள எத்தனை இருக்கு?"

பெய்ஜுங் பார்த்தாள். இதில் முப்பத்தாறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அதிலும் முப்பத்தாறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

"அப்புறம் என்ன? ஒரே சரக்க ரெண்டு கூடைல வச்சிருக்க. டி-ல இருக்கறத அழி. இடம் வந்துரும். நான் போயி சேமியா சூப் குடிச்சிட்டு வரேன்."

கணக்குச் சரிதான். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த ஃபோல்டரில் ஒரு சீட்டைத் திறந்தாள். அதே சீட்டை அந்த ஃபோல்டரிலும் திறந்தாள். ஒரே காபிக் கறை. இன்னொன்றைத் திறந்தாள். அம்மாவின் சீட்டு, நான்கு வருடத்துக்கு முந்தையது. 'போங்சி'யின் கடைசிக் கோடு கட்டத்தைத் தாண்டி வெளியே இறங்கியிருந்தது, இரண்டிலும் அதே இடத்தில். நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அழிக்கும் பொத்தானுக்கு மேலே விரல் போய்ப் போய் வந்தது.

கணினியைப் பார்த்துக்கொள்பவன் கோ. சந்தைக்குப் பக்கத்தில் கணினியும் அலங்கார மீன்தொட்டியும் விற்கிறவன். அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். பக்கத்து ஊர்ச் சாமி இன்று ஊர்வலம் போகிறது, கோ பல்லக்குத் தூக்கப் போயிருக்கிறான் என்று ஞாபகம் வந்தது. பட்டாசு வெடிக்கும் இடத்தில் போன் எங்கே கேட்கும்? இருந்தாலும் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதேகாலுக்குத் தலைவர் உதட்டில் சேமியாத் துணுக்கோடு வந்தார். "அழிச்சியா?"

"இல்ல."

"ஏம்மா?"

"பயமா இருக்கு."

"உனக்குச் சாமி மேல நம்பிக்கை இருக்கா, இல்ல கோ மேலதான் நம்பிக்கையா? வா, கேட்டுரலாம்."

அவர் சந்நிதிக்குப் போய்ச் சிவப்புப் பிறைக்கட்டைகள் இரண்டையும் எடுத்தார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. எறிந்தால் ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழவேண்டும். அப்படி மூன்று தடவை விழுந்தால் சாமி ஆமாம் என்கிறது. இரண்டும் தட்டையாக மல்லாந்தால் சாமி சிரிக்கிறது, பதில் கிடையாது. இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. வியாபாரமோ பிள்ளைக்குப் பெண் எடுப்பதோ, இந்த ஊரில் இதைக் கேட்காமல் நடக்காது. கணினி பற்றி யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

தலைவர் தன் பெயர், விலாசம் எல்லாம் முறைப்படிச் சொல்லிவிட்டு உரக்கக் கேட்டார். "ராஜா சாமி, சி டிஸ்க்ல இருக்கற சீட்டு எல்லாம் டி டிஸ்க்லயும் இருக்கா? ஒண்ணு விடாம இருக்கா?"

ஆமாம். மறுபடி ஆமாம். மூன்றாவதும் ஆமாம்.

"போ. அழி," என்றார்.

பெய்ஜுங் நகரவில்லை. தரையில் கிடந்த கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவரே, நீங்க கேட்டது வேற."

"என்ன வேற? உன் காதாலயே கேட்டியே."

"அதுல இருக்கறது இதுலயும் இருக்கான்னு கேட்டீங்க. சாமி இருக்குன்னு சொல்லிருச்சு. இருக்குன்னு எனக்கும் தெரியும், நானே கண்ணால பாத்தேன். ரெண்டு சரக்கா, இல்ல ஒரே சரக்குக்கு ரெண்டு கதவான்னு நீங்க கேக்கவே இல்ல."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"இல்ல தலைவரே. பட்டியல்ல போங்சின்னு ஒருத்தி இருக்கா, பெய்ஜுங்னு ஒருத்தி இருக்கா. ஒரே வீடு, ஒரே பிறந்த நாள், ஒரே மூஞ்சி. எல்லாம் பொருந்துது, ரெண்டுல ஒருத்தி தண்டம்னு நீங்களே வருஷா வருஷம் சொல்வீங்க. சரி, தண்டம்னே வச்சுப்போம். போங்சியக் கொண்டு போயி கடல்ல தள்ளிருங்க. நாளைக்குக் காலைல பெய்ஜுங் வேலைக்கு வருவாளா?"

"லேட்டாத்தான் வருவா" என்றார் தலைவர். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தச் சீட்டுகளில் அவருடைய வீட்டாரின் பன்னிரண்டு வருடமும் இருக்கிறது.

இந்தத் தடவை கேள்வியைப் பெய்ஜுங்கே கேட்டாள். "சாமி, இது ரெண்டா, ஒண்ணா?" கட்டைகள் இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி சிரித்தது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிறவரிடம் ரெண்டா ஒண்ணா என்று கேட்டால் வேறென்ன செய்வார்? "ஒண்ணுதானா?" என்று திருத்திக் கேட்டாள். மறுபடியும் சிரிப்பு.

"அது என்ன கணினிக் கடையா வச்சிருக்கு," என்றார் தலைவர். "பத்து மணி ஆச்சு. ஒம்போது மணிக்கே அச்சு ஆரம்பிச்சிருக்கணும். எதையாவது செய்."

அவள் அலுவலகத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் வரிசைக்கு அடித்துக்கொள்ளக்கூடாது என்று நான்கு பேர் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி அவளுடைய அம்மா. விழுந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இடது கையில் சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கும் எள் உருண்டைக் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள்.

"என்னடி இங்கயும் அங்கயும் ஓடற? போங்சி பேரு இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"இருக்கும்மான்னு இழுக்கற. இருக்கா, இல்லையா?"

"ரெண்டு எடத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

உள்ளே வந்தவள் சும்மா இருக்க முடியாமல், சி டிஸ்க் மொத்தம் எவ்வளவு கொள்ளும் என்று பார்த்தாள். காரணம் ஒன்றுமில்லை, பூட்டை இழுத்துப் பார்க்கிற பழக்கம்தான். நூற்று இருபது. மறுபடி பார்த்தாள். நூற்று இருபதுதான். அதிலும் பாதி காலி.

நூற்று இருபது கொள்ளும் பீரோவுக்குள் இருநூற்றுப் பத்து உட்கார்ந்திருப்பதாகக் கணினி சொல்லிக்கொண்டிருந்தது.

"தலைவரே, சி-ல ஒண்ணுமே இல்ல. சி-ல இருக்கறது வெறும் கதவு. தொறந்தா டி-தான் தெரியுது. டி-ய அழிச்சிருந்தா..."

அவள் முடிக்கவில்லை. தலைவர் நாற்காலியைக் கணினியிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார், மூச்சு பட்டாலே அழிந்துவிடும் என்பது மாதிரி.

அப்போது போன் அடித்தது. கோ. பின்னால் மேளமும் பட்டாசும்.

"அக்கா, பதினோரு மிஸ்டு கால். யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல. 'விளக்கு' ரெண்டு எடத்துல இருக்கே, அது ரெண்டா, ஒண்ணா?"

"என்னக்கா?"

"ரெண்டா, ஒண்ணா!"

"ஓ, அதுவா. ஒண்ணுதான். மூணு வருஷம் முன்னாடி பெரிய டிஸ்க் போட்டேன்ல, சீட்ட எல்லாம் அதுக்கு மாத்திட்டேன். அக்கா பழைய எடத்துல தேடிட்டு அழுவாங்களேன்னு அங்கயும் ஒரு வழி விட்டு வச்சேன். அப்பவே சொன்னேனே."

"சொன்னியா?"

"சொன்னேன். நீங்க அப்ப கூரைல ஆவின்னு எதையோ வெரட்டிட்டு இருந்தீங்க. அது பூனைதான்." மேளம் அவன் குரலை விழுங்கிக் கக்கியது. "நம்பலன்னா ஒண்ணு பண்ணுங்க. ஒரு கதவு வழியாப் போயி உள்ள எதையாவது புதுசா வைங்க. வெளிய வந்து இன்னொரு கதவு வழியாப் பாருங்க. வச்சது அங்கயும் இருந்தா ஒரே ரூம்பு. இல்லன்னா ரெண்டு ரூம்பு. உள்ள இருக்கறதெல்லாம் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துப் பிரயோஜனமே இல்ல. அக்கா, பல்லக்கு கெளம்புது."

போன் நின்றுபோனது.

நம்பாமல் இல்லை. ஆனாலும் பெய்ஜுங் பார்க்காமல் விடுகிறவள் இல்லை. சி டிஸ்க் வழியாகப் போய், வெறும் கோப்பு ஒன்றை உண்டாக்கினாள். பெயர் கேட்டது. கை தானாக 'போங்சி' என்று அடித்தது. வெளியே வந்து டி டிஸ்க் வழியாகப் போனாள். உருட்டினாள். முப்பத்தாறாயிரம் கோப்புகளுக்கு நடுவில் போங்சி நின்றுகொண்டிருந்தாள், யாரோ அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிட்ட மாதிரி.

"ஒண்ணுதான்," என்றாள்.

"சரி, ஒண்ணு. இடத்துக்கு என்ன பண்ணுவ?" என்றார் தலைவர்.

பெய்ஜுங் டி டிஸ்க்கில் மீதி என்ன இருக்கிறது என்று பார்த்தாள். 'தலைவர் பாட்டு' இருபது ஜிபி. 'தலைவர் பாட்டு, பத்திரம்' இருபது ஜிபி. கோயில் விருந்துகளில் தலைவர் மைக் பிடித்துப் பாடியதெல்லாம் படமாக இருந்தது.

"அதுவும் ஒரே ரூம்புதான் போல," என்றார் தலைவர் அவசரமாக. "ரெண்டு கதவு. தொடாத."

அவள் முதல் ஃபோல்டருக்குள் ஒரு வெறும் கோப்பு வைத்தாள். இரண்டாவதைத் திறந்தாள். இல்லை. அங்கே வெறும் பாட்டுதான் இருந்தது. "இது நிஜமாவே ரெண்டு, தலைவரே. ஒண்ண அழிச்சாலும் இன்னொண்ணு பாடிட்டேதான் இருக்கும்."

தலைவர் திரைக்குக் கிட்டே வந்தார். "எதுல நல்லாப் பாடிருக்கேன்?"

"ரெண்டுலயும் அதே மாதிரிதான்."

"அதே மாதிரின்னா?"

"அதே மாதிரி," என்று சொல்லிவிட்டு அழித்தாள்.

பத்து நாற்பதுக்குப் பழைய அச்சு இயந்திரம் கனைத்துக்கொண்டு முதல் தாளைத் துப்பியது. பெய்ஜுங் ஒவ்வொரு தாளாக வாங்கி, பக்க எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். நூற்று நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கடைசித் தாள் சூடாக விழுந்தது. பூசாரி ஏற்கெனவே தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். தலைவரே தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

வாசிப்பு, சந்து சந்தாக, வீட்டு எண் வரிசையில் போகும். பெய்ஜுங் உட்காரவில்லை. தூணுக்குப் பக்கத்தில் இடது காலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றாள். இந்த வருடம் போங்சியின் சீட்டை அவளே எழுதியிருந்தாள். வேண்டுதல் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், பழைய சீட்டுப் படத்தைத் திறந்து வைத்துப் பார்த்து எழுதினாள். தன் சொந்த முழங்காலுக்குத் தானே அம்மாவாக வேண்டிக்கொள்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அவர்கள் சந்து வந்தது. பூசாரி இழுத்து வாசித்தார். "நியென் போங்சி."

அம்மா தலையை ஒரு தடவை ஆட்டினாள், கணக்குச் சரியாக வந்த கடைக்காரி மாதிரி.

"நியென் பெய்ஜுங்."

அம்மா தூண் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வருடமாக இந்த இடத்தில் அவள் எள் உருண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏய், யாருடி இவ, நம்ம வீட்டு நம்பர்ல? வாடகை குடுக்கிறாளா?"

"பதினாலு வருஷமா இருக்காம்மா. நீதான் கண்டுக்கல."

"எங்க படுக்கிறா?"

"போங்சி படுக்கிற எடத்துலதான்."

பக்கத்து நாற்காலிக் கிழவி 'கிக்' என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. பூசாரி அதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மகள் தூக்கியிருந்த அந்த இடது காலை அம்மா பார்த்தாள்.

"அவளுக்கும் முழங்கால் வலிதானா?"

பெய்ஜுங் காலைக் கீழே வைத்தாள். "ஒரே முழங்கால்தாம்மா."

"அப்ப இவ்வளவு வருஷமும் ரெண்டு பேரா வேண்டிருக்கோம். அப்பவும் சரியாகல." அம்மா ராஜா சாமியை ஒரு முறை முறைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கே போ. நானும் வரேன்."

பிறகு, இடது கையால் கிண்ணத்தை நீட்டினாள். சர்க்கரைத் தண்ணீர் விளிம்பில் தளும்பியது.

"எடுத்துக்கோ. நாலு இருக்கு. போங்சிக்கு ரெண்டு, அவளுக்கு ரெண்டு."

பெய்ஜுங் கிண்ணத்தை வாங்கி, நின்றபடியே நான்கையும் தின்றாள்.